சும்மா இருக்கும் கிராபிக்ஸ் கார்டு – பாட்டில்நெக்கைத் தேடிய வரலாறு

புதிதாக வாங்கிய கிராபிக்ஸ் கார்டைக் கணினியில் பொருத்தியாகி விட்டது. ஆசையோடு விளையாட்டைத் தொடங்கினால் வேகம் பழையபடியே இருக்கிறது. அளவு காட்டும் மென்பொருளைத் திறந்தால் கார்டின் பயன்பாடு 45 சதவீதம் என்கிறது. மீதி 55 சதவீதம் எங்கே போனது? கார்டு பழுதா? கடைக்காரர் ஏமாற்றி விட்டாரா? இல்லை, இன்னும் விலை கூடிய கார்டு வாங்க வேண்டுமா?

கணினியில் விளையாடுகிறவர்கள் பலரும் ஒரு முறையாவது கேட்டிருக்கும் கேள்விகள் இவை. பெரும்பாலான நேரங்களில் கார்டில் ஒரு குறையும் இருப்பதில்லை. அது வேலைக்காகக் காத்துக் கொண்டிருக்கிறது. அதற்கு வேலை கொடுக்க வேண்டிய வேறு ஏதோ ஒரு பாகம் தாமதம் செய்கிறது. அந்தப் பாகத்தைத்தான் பாட்டில்நெக் என்கிறார்கள். பாட்டில் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதன் கழுத்து விடுகிற அளவுக்குத்தான் தண்ணீர் வெளியே வரும் என்பதால் இந்தப் பெயர்.

இந்தக் கழுத்து ஒரே இடத்தில் நின்றதில்லை. 1990களில் இருந்து இன்று வரை அது கணினிக்குள் இடம் மாறிக் கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறை அது இடம் மாறிய போதும் ஏராளமானோர் தவறான பாகத்துக்குப் பணம் செலவழித்தார்கள். பிறகு யாராவது ஒருவர் சரியாக அளக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அந்த வரலாற்றைத் தெரிந்து கொண்டால் இன்றைய கணினியின் நோயையும் எளிதில் கண்டுபிடித்து விடலாம்.

கேம்களுக்கு முன்பே பிறந்த விதி

1967ஆம் ஆண்டில் ஜீன் அம்டால் என்ற அமெரிக்கக் கணினி வல்லுநர் ஒரு வாதத்தை முன்வைத்தார். ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினியை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் அவர். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு வேகப்படுத்தினாலும், வேகப்படுத்தாத மீதிப் பகுதிதான் மொத்த நேரத்தின் எல்லையைத் தீர்மானிக்கும் என்பதே அதன் சாரம். இது இன்று அம்டால் விதி எனப்படுகிறது.

ஒரு எளிய கணக்கைப் பார்க்கலாம். ஒரு வேலைக்கு 100 விநாடி ஆகிறது. அதில் 80 விநாடியை ஒரு பாகமும், 20 விநாடியை இன்னொரு பாகமும் எடுத்துக் கொள்கின்றன. முதல் பாகத்தை 4 மடங்கு வேகப்படுத்தினால் 80 விநாடி 20 ஆகிறது. மொத்தம் 40 விநாடி. கிடைத்த லாபம் 4 மடங்கு கிடையாது, 2.5 மடங்குதான். முதல் பாகத்தின் நேரத்தைப் பூஜ்யமாகவே ஆக்கி விட்டாலும் அந்த 20 விநாடி அப்படியே நிற்கும். 5 மடங்குக்கு மேல் ஒரு அடி கூட நகர முடியாது!

கேமிங் கணினியில் நிலைமை இதைவிடக் கறாரானது. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, தொழிற்சாலை வரிசையில் நிற்பவர்களைப் போல வேலை செய்கின்றன. பிராசசர் அடுத்த பிரேமைத் தயாரித்துக் கொடுக்கிறது. கார்டு முந்தைய பிரேமை வரைகிறது. வரிசையில் மெதுவானவர் யாரோ அவர் வேகம்தான் எல்லோருடைய வேகமும். மற்றவர் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

டூம் காலம்: தடை பஸ்ஸில் இருந்தது

1993 டிசம்பரில் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் டூம் விளையாட்டை வெளியிட்டது. அப்போது முப்பரிமாணப் படம் வரையும் கார்டு சாதாரணக் கணினிகளில் கிடையாது. ஒவ்வொரு புள்ளியையும் பிராசசரே கணக்கிட்டு, திரைக்கான நினைவகத்துக்கு அனுப்பியது. திரையின் அளவு 320 பெருக்கல் 200, அதாவது 64,000 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பைட். விளையாட்டின் உச்ச வேகம் விநாடிக்கு 35 பிரேம்கள். ஆக, விநாடிக்கு ஏறக்குறைய 22 லட்சம் பைட்கள் பிராசசரில் இருந்து வீடியோ கார்டுக்குப் போக வேண்டும்.

இன்று இது ஒன்றுமே இல்லை. அன்றைய ஐ.எஸ்.ஏ. பஸ்ஸுக்கு இது பெரிய சுமை. பஸ் என்பது மதர்போர்டில் பாகங்களை இணைக்கும் பாதை. ஐ.எஸ்.ஏ. பாதை 16 பிட் அகலமும் சுமார் 8 மெகாஹெர்ட்ஸ் வேகமும் கொண்டது. நல்ல 486 பிராசசர் இருந்தும் ஐ.எஸ்.ஏ. வீடியோ கார்டு வைத்திருந்தவர்கள் தடுமாறினார்கள். 1992இல் அறிமுகமான வேசா லோக்கல் பஸ்ஸும், அதைத் தொடர்ந்து பரவிய பி.சி.ஐ. பஸ்ஸும் இந்தக் கழுத்தை அகலப்படுத்தின. பி.சி.ஐ. பஸ்ஸின் உச்ச வேகம் விநாடிக்கு 133 மெகாபைட்.

டூமில் திரையைச் சிறிதாக்கும் வசதி ஒன்று இருந்தது. வேகம் போதாதவர்கள் படத்தின் சட்டத்தைச் சுருக்கி விளையாடினார்கள். சுருக்கினால் வேகம் கூடும். காரணம், வரைய வேண்டிய புள்ளிகள் குறைகின்றன. அன்று அது ஒரு சமாளிப்பு. பிற்காலத்தில் இதே உத்திதான் பாட்டில்நெக்கைக் கண்டுபிடிக்கும் முதல் பரிசோதனையாக மாறியது.

குவேக்: மெகாஹெர்ட்ஸ் சொன்ன பொய்

1996 ஜூனில் குவேக் வந்தது. அதுவரை விளையாட்டுகள் முழு எண் கணக்குகளையே பெரிதும் நம்பியிருந்தன. குவேக் தசம எண் கணக்குகளை ஏராளமாகச் செய்தது. அதை எழுதிய ஜான் கார்மாக்கும் மைக்கேல் ஆப்ராஷும் இன்டெல் பென்டியம் பிராசசரின் ஒரு தனித்தன்மையைப் பயன்படுத்திக் கொண்டார்கள். பென்டியத்தில் தசம வகுத்தல் ஒரு பக்கம் நடந்து கொண்டிருக்கும் போதே முழு எண் வேலைகளை மறுபக்கம் செய்ய முடியும். ஆகவே 16 புள்ளிகளுக்கு ஒரு முறை வகுத்தல் செய்து, அது முடிவதற்குள் அந்தப் புள்ளிகளை வரைந்து விடுவார்கள்.

அந்த நேரத்தில் சைரிக்ஸ் நிறுவனத்தின் 6x86 பிராசசர் சந்தையில் இருந்தது. பி166+ என்று பெயரிட்ட வகை 133 மெகாஹெர்ட்ஸில் ஓடினாலும் 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு இணை என்று விற்கப்பட்டது. அலுவலக மென்பொருள்களில் அது உண்மைதான். தசமக் கணக்கில் சைரிக்ஸ் பலவீனமானது. குவேக்கை ஓட்டியவுடன் அந்தப் பலவீனம் வெட்ட வெளிச்சமானது. விலை குறைவு என்று வாங்கியவர்கள் ஏமாந்து போனார்கள்.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பக் கூடாது, ஓட வேண்டிய விளையாட்டை வைத்தே அளக்க வேண்டும் என்ற பாடத்தைக் குவேக் கற்றுத் தந்தது. அளப்பதற்கான கருவியும் அதற்குள்ளேயே இருந்தது. டைம்டெமோ என்ற கட்டளையைக் கொடுத்தால், பதிவு செய்த ஒரு ஆட்டத்தை முடிந்த மட்டும் வேகமாக ஓட்டி, விநாடிக்கு எத்தனை பிரேம் என்று சொல்லி விடும். யார் ஓட்டினாலும் ஒரே காட்சி, ஒரே வேலை. கேமிங் கணினிகளை ஒப்பிடும் பழக்கம் பரவியதில் இந்தக் கட்டளைக்குப் பெரும் பங்கு உண்டு.

முப்பரிமாண கார்டுகள்: வேலை கைமாறியது

1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தது. 1997 ஜனவரியில் அந்த வகைக் கார்டுகளுக்காக ஜிஎல்குவேக் வெளியானது. 640 பெருக்கல் 480 அளவில் வழவழப்பான படங்கள்! புள்ளிகளை நிரப்பும் வேலை பிராசசரிடம் இருந்து கார்டுக்குப் போய் விட்டது.

முக்கோணங்களின் இடத்தையும் கோணத்தையும் கணக்கிடும் வேலை மட்டும் பிராசசரிடமே தங்கியது. 1998இல் வூடூ 2 வந்தபோது இதன் விளைவு தெரிந்தது. இரண்டு வூடூ 2 கார்டுகளை இணைத்து ஓட்டும் வசதி இருந்தது. பென்டியம் 2 வைத்திருந்தவர்களுக்கு அது பலன் தந்தது. பழைய பென்டியத்தில் அதே கார்டைச் செருகியவர்களுக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை. கார்டுக்கு வேண்டிய முக்கோணங்களை அந்தப் பிராசசரால் அவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியவில்லை. இன்று "ஜி.பி.யு. பயன்பாடு குறைவு" என்று சொல்லப்படும் நோயின் ஆரம்ப கால உதாரணம் இது. சதவீதம் காட்டும் மென்பொருள்தான் அப்போது கையில் இல்லை.

1999 அக்டோபரில் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 வெளிவந்தது. ஜி.பி.யு. என்ற பெயரைப் பிரபலமாக்கியது இந்தக் கார்டுதான். முக்கோணக் கணக்கையும் ஒளிக் கணக்கையும் கார்டே செய்யத் தொடங்கியது. உடனே கழுத்து இன்னொரு இடத்துக்குத் தாவியது. கார்டின் சிப் வேகமாக இருந்தும், அதன் சொந்த நினைவகம் ஈடு கொடுக்கவில்லை. எஸ்.டி.ஆர். நினைவகம் கொண்ட வகையின் அலைவரிசை விநாடிக்கு சுமார் 2.7 ஜிகாபைட். பிறகு வந்த டி.டி.ஆர். வகையில் அது 4.8 ஜிகாபைட். சிப் ஒன்றேதான். ஆனால் 32 பிட் வண்ணத்தில் பெரிய திரை அளவுகளில் டி.டி.ஆர். கார்டு தெளிவாக முந்தியது.

ரெசல்யூஷன் பரிசோதனை

இந்தக் காலத்தில்தான் ஒரு எளிய பரிசோதனை நிலைபெற்றது. 1999 டிசம்பரில் வெளியான குவேக் 3 அரீனாவை 640 பெருக்கல் 480 முதல் 1600 பெருக்கல் 1200 வரை பல அளவுகளில் ஓட்டிப் பார்ப்பார்கள். முதல் அளவில் 3,07,200 புள்ளிகள். கடைசி அளவில் 19,20,000 புள்ளிகள். கார்டின் வேலை 6.25 மடங்கு கூடுகிறது. பிராசசரின் வேலையோ ஏறக்குறைய மாறுவதே இல்லை.

ஆகவே ரெசல்யூஷனைக் குறைத்ததும் வேகம் கூடினால், தடை கார்டில் இருந்தது என்று பொருள். குறைத்தும் வேகம் அசையவில்லை என்றால், தடை பிராசசர் பக்கத்தில் இருக்கிறது. செலவில்லாத, கருவி தேவைப்படாத இந்தச் சோதனை இன்றும் செல்லுபடியாகிறது.

2004இல் என்விடியா வெளியிட்ட ஜி.பி.யு. ஜெம்ஸ் என்ற நூலில் செம் செபெனோயன் இதை ஒரு முழுமையான முறையாகவே எழுதினார். ரெசல்யூஷனை மாற்று, டெக்ஸ்சர் அளவை மாற்று, முக்கோணக் கணக்கின் சுமையை மாற்று என்று ஒன்றன் பின் ஒன்றாகப் போக வேண்டும். எதை மாற்றும்போது வேகம் மாறுகிறதோ அங்கே தடை இருக்கிறது. எதை மாற்றியும் மாறவில்லை என்றால் பிராசசர்தான் காரணம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது இதன் அடிப்படை. மருத்துவர் நோய் அறிவதும் இப்படித்தானே!

சூடும் ஒரு தடை

2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் இணையதளம் ஒரு வீடியோவை வெளியிட்டது. குவேக் 3 ஓடிக் கொண்டிருக்கும் போதே பிராசசரின் மேல் இருக்கும் ஹீட்சிங்கைக் கழற்றி எடுத்தார்கள். ஏ.எம்.டி.யின் அத்லான் புகை விட்டுக் கருகிப் போனது. பென்டியம் 3 உறைந்து நின்றது. பென்டியம் 4 மட்டும் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொண்டு ஆமை வேகத்தில் விளையாட்டைத் தொடர்ந்தது. ஹீட்சிங்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகம் வந்து விட்டது.

அன்று எல்லோரும் பேசியது கருகிய சிப்பைப் பற்றி. எதிர்காலத்துக்கு முக்கியமானது பென்டியம் 4 செய்த காரியம். வெப்பம் கூடினால் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும் தற்காப்பு பின்னர் எல்லாப் பிராசசர்களுக்கும் கார்டுகளுக்கும் வந்தது. நல்ல வசதிதான். அதோடு ஒரு புதிய குழப்பமும் வந்தது. முன்பெல்லாம் சூடான கணினி நின்று விடும், காரணம் தெரிந்து விடும். இப்போது அது சத்தமில்லாமல் மெதுவாகிறது. தூசி அடைத்த ஃபேனும் காய்ந்து போன தெர்மல் பேஸ்ட்டும் "பழைய கார்டு" என்ற கெட்ட பெயரைக் கார்டுக்கு வாங்கித் தருகின்றன.

ஆயிரம் சின்னக் கட்டளைகள்

2003இல் நடந்த கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் என்விடியாவின் மத்தியாஸ் வ்லோகா ஒரு உரை நிகழ்த்தினார். விளையாட்டு கார்டுக்கு "இதை வரை" என்று அனுப்பும் ஒவ்வொரு கட்டளைக்கும் பிராசசர் ஒரு விலை கொடுக்கிறது என்பதை அவர் எண்ணிக்கையோடு காட்டினார். 1 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் வேறு வேலையே பார்க்காமல் இதை மட்டும் செய்தால் விநாடிக்கு சுமார் 25,000 கட்டளைகள் அனுப்பலாம். விநாடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 833 கட்டளைகள்தான் மிஞ்சும்.

ஒரு கட்டளையில் 10 முக்கோணம் இருந்தாலும் 200 முக்கோணம் இருந்தாலும் பிராசசருக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றே. சின்னச் சின்னப் பொருள்களைத் தனித்தனியாக வரையச் சொன்னால் பிராசசர் களைத்துப் போகும். கார்டு கொட்டாவி விடும். பெரிய நகரங்களைக் காட்டும் விளையாட்டுகளில் கார்டின் பயன்பாடு திடீரென்று சரிவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இது.

இதற்கான தீர்வு மெதுவாகவே வந்தது. 2013இல் ஏ.எம்.டி. மேன்டில் என்ற புதிய இடைமுகத்தை அறிவித்தது. 2014 ஜனவரி இறுதியில் பேட்டில்ஃபீல்டு 4 விளையாட்டுக்கு அது கிடைத்தது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 உடன் டைரக்ட்எக்ஸ் 12 வந்தது. மேன்டிலை அடித்தளமாகக் கொண்ட வல்கன் 2016 பிப்ரவரியில் வந்தது. மூன்றின் நோக்கமும் ஒன்றுதான்: கட்டளை அனுப்பும் செலவைக் குறைப்பது, அந்த வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது.

கோர்கள் பெருகின, குழப்பமும் பெருகியது

2004 அக்டோபரில் இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. வெப்பமும் மின்சாரமும் அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை. 2005இல் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் இரட்டைக் கோர் பிராசசர்களைக் கொண்டு வந்தன. பிறகு 4, 8, 16 என்று கோர்கள் பெருகின.

விளையாட்டுகள் அவ்வளவு வேகமாக மாறவில்லை. ஒரு ஆட்டத்தின் முதன்மை வேலைகள் பலவும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும். குண்டு பட்டதா என்று தெரிந்தால்தான் எதிரி விழுவான். விழுந்தால்தான் அந்தக் காட்சியை வரைய முடியும். 2007 நவம்பரில் வந்த கிரைஸிஸ் இதற்குப் புகழ்பெற்ற சான்று. கிகாஹெர்ட்ஸ் ஏறிக் கொண்டே போகும் என்று நம்பிய காலத்தின் குழந்தை அது. பல ஆண்டுகள் கழித்து வந்த பலமான கார்டுகளிலும் சில காட்சிகளில் அது தடுமாறியது. காரணம், ஒரே ஒரு கோரின் மேல் அத்தனை பாரமும் விழுந்ததுதான்.

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறும் இடம் இருக்கிறது. 8 கோர், 16 த்ரெட் கொண்ட பிராசசரில் ஒரே ஒரு த்ரெட் முழுமூச்சாக ஓடினால் டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்தப் பயன்பாடு 6 சதவீதம் சொச்சம்தான். "பிராசசர் 30 சதவீதம், கார்டு 50 சதவீதம், இரண்டுமே சும்மா இருக்கின்றன, அப்படியானால் விளையாட்டு ஏன் திணறுகிறது?" என்ற கேள்வி இதனால்தான் எழுகிறது. மொத்தச் சதவீதம் ஒரு சராசரி. ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் ஓடி ஓடிக் களைத்தது எது என்று தெரியும். ஒரே வேலை கோர் விட்டுக் கோர் தாவும் போது அதுவும் மறைந்து விடலாம். அப்போது ரெசல்யூஷன் பரிசோதனை கை கொடுக்கும்.

2021இல் நடந்த ஒரு சம்பவம் இதை உலகுக்கே காட்டியது. 2013இல் இருந்து ஓடிக் கொண்டிருந்த ஜி.டி.ஏ. ஆன்லைன் விளையாட்டு தொடங்குவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். கணினி மெதுவானது, ஹார்டு டிஸ்க் மெதுவானது என்று அவரவர் தம் கணினியையே நொந்து கொண்டார்கள். புரோகிராமர் ஒருவர் டாஸ்க் மேனேஜரைக் கூர்ந்து கவனித்தார். டிஸ்க் சும்மா இருந்தது, நெட்வொர்க் சும்மா இருந்தது, கார்டும் சும்மா இருந்தது. ஒரே ஒரு கோர் மட்டும் நிமிடக்கணக்கில் முழு வேகத்தில் ஓடியது. துருவிப் பார்த்ததில், சுமார் 63,000 பொருள்கள் கொண்ட 10 மெகாபைட் பட்டியலை நிரல் மிக மோசமான முறையில் படிப்பது தெரிந்தது. அவர் திருத்தியதும் காத்திருக்கும் நேரம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஏற்றுக் கொண்டு அதே மார்ச் மாதத்தில் திருத்தத்தை வெளியிட்டது; அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது. எந்தக் கார்டை வாங்கினாலும் தீராத நோய் அது!

சராசரி மறைத்த திணறல்

2011 செப்டம்பரில் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன் ஒரு கட்டுரை எழுதினார். விநாடிக்கு 60 பிரேம் என்ற சராசரிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று அவர் கேட்டார். ஒரு விநாடியின் முதல் பாதியில் 59 பிரேம்கள் வந்து, கடைசிப் பிரேம் மட்டும் அரை விநாடி எடுத்துக் கொண்டாலும் சராசரி 60தான். பார்ப்பவருக்கோ படம் உறைந்து நின்றது போலத் தெரியும். எனவே ஒவ்வொரு பிரேமுக்கும் எத்தனை மில்லிவிநாடி ஆனது என்று அளக்க வேண்டும் என்றார் அவர். 60 பிரேம் சீராக வர வேண்டுமானால் ஒவ்வொன்றும் 16.7 மில்லிவிநாடிக்குள் முடிய வேண்டும்.

இந்தப் பார்வை விமர்சன உலகையே மாற்றியது. 2013இல் திரைக்குப் போகும் படத்தையே பதிவு செய்து அளக்கும் எஃப்கேட் முறை வந்தது. இரட்டை ஏ.எம்.டி. கார்டுகள் தரும் பிரேம்களில் பல, திரையில் சில கோடுகள் அளவே தெரிந்து மறைகின்றன என்பது அதில் அம்பலமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏ.எம்.டி. புதிய டிரைவர் மூலம் அதைச் சரி செய்யத் தொடங்கியது.

நினைவகத் தடையும் திணறலாகத்தான் வெளிப்படும். 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 970 கார்டில் 4 ஜி.பி. நினைவகம் என்று சொல்லப்பட்டது. அதில் 3.5 ஜி.பி. மட்டுமே முழு வேகத்தில் இயங்கும், மீதி அரை ஜி.பி. மெதுவானது என்பது 2015 ஜனவரியில் தெரிய வந்தது. வழக்கு நடந்து, 2016இல் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குக் கார்டு ஒன்றுக்கு 30 டாலர் தர என்விடியா ஒப்புக் கொண்டது. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் 4 ஜி.பி. நினைவகமும் 4 லேன் அகலப் பாதையும் மட்டுமே இருந்தன. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 4.0 மதர்போர்டில் சமாளித்த அந்தக் கார்டு, 3.0 மதர்போர்டில் பாதை வேகம் பாதியாகி, நினைவகம் நிரம்பும் போதெல்லாம் சறுக்கியது. டூம் காலத்துப் பஸ் பிரச்சினை 29 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது!

சதவீதம் என்ன சொல்கிறது?

2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில் டாஸ்க் மேனேஜரிலேயே ஜி.பி.யு. பயன்பாடு தெரியத் தொடங்கியது. அதற்கு முன்பு ஜி.பி.யு.-இசட், எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற தனி மென்பொருள்களைத் தேடிப் போட்டவர்கள் மட்டுமே பார்த்த எண், எல்லோர் கண்ணிலும் பட்டது. அந்த எண் கார்டு எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு வேகத்தில் வேலை செய்தது என்பதைச் சொல்வதில்லை. வேலை குறைவாக இருந்தால் கார்டு தன் கிளாக் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். குறைந்த வேகத்தில் 90 சதவீதம் என்பதும் முழு வேகத்தில் 90 சதவீதம் என்பதும் ஒன்றாகாது.

2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி இன்னொரு உண்மையைக் காட்டியது. சாதாரண 5800எக்ஸை விட அதன் கிளாக் வேகம் குறைவு. ஆனால் எல்3 கேஷ் 32 எம்.பி.க்குப் பதில் 96 எம்.பி. பல விளையாட்டுகளில் அது தெளிவாக முந்தியது. பிராசசர் தடை என்று நினைத்த பல இடங்களில், உண்மையில் பிராசசரும் ராமுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது!

2023 ஆகஸ்டில் இன்டெல் தன் பிரசன்ட்மான் மென்பொருளில் ஜி.பி.யு. பிஸி என்ற அளவைச் சேர்த்தது. ஒரு பிரேமுக்கான மொத்த நேரத்தில் கார்டு உண்மையில் உழைத்தது எத்தனை மில்லிவிநாடி என்று அது காட்டும். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் கார்டுதான் எல்லை. இடைவெளி பெரிதென்றால் கார்டு காத்திருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த இன்டெல்லின் சொந்தக் கார்டான ஆர்க் பி580க்கே இது பொருந்தியது. மலிவு விலையில் நல்ல கார்டு என்று பாராட்டப்பட்ட அது, பழைய பிராசசர்களோடு சேர்த்தால் பல விளையாட்டுகளில் வேகம் இழந்தது. அதன் டிரைவர் பிராசசரிடம் அதிக வேலை வாங்கியதே காரணம் என்பதை 2025 ஜனவரியில் விமர்சகர்கள் அளந்து காட்டினார்கள். மலிவான கார்டைத் தேடுபவர்களிடம்தான் பழைய பிராசசர் இருக்கும் என்பதால், அடி விழுந்தது காசு குறைவாக உள்ளவர்களுக்குத்தான்.

வரலாறு தரும் வழிமுறை

இத்தனை ஆண்டு அனுபவத்தையும் வரிசைப்படுத்தினால் ஒரு எளிய வழி கிடைக்கிறது.

1. பூட்டு ஏதும் போட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வி-சிங்க் அல்லது பிரேம் வரம்பு 60இல் நின்றால் பலமான கார்டு 40 சதவீதம் காட்டுவது இயல்பே. அது நோய் அல்ல.

2. மானிட்டர் கேபிள் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். சிரிப்பாக இருந்தாலும் அடிக்கடி நடக்கும் தவறு இது.

3. ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்க்க வேண்டும். வேகம் கூடினால் தடை கார்டில். அசையவில்லை என்றால் பிராசசர், ராம் அல்லது விளையாட்டின் நிரலில்.

4. பிராசசரின் மொத்தச் சதவீதத்தை விட்டு விட்டு ஒவ்வொரு த்ரெட்டையும் பார்க்க வேண்டும்.

5. வெப்பத்தையும் கிளாக் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெப்பம் ஏற ஏற கிளாக் இறங்கினால் ஃபேனைச் சுத்தம் செய்தாலே போதும்.

6. ராம் ஒரே குச்சியாக இருக்கிறதா, பயாஸில் அதன் முழு வேகம் இயக்கப்பட்டிருக்கிறதா, கார்டின் நினைவகம் நிரம்பி வழிகிறதா என்று பார்க்க வேண்டும்.

7. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே காட்சியில் மீண்டும் அளக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் காசு செலவில்லை. அரை மணி நேரம் போதும்.

பாட்டில்நெக் இல்லாத கணினி என்று ஒன்று இருக்க முடியாது என்பதையும் இந்த வரலாறு சொல்கிறது. ஒரு கழுத்தை அகலப்படுத்தினால் அடுத்தது தெரியும். கார்டு 100 சதவீதத்தை நெருங்கி ஓடுகிறது என்றால் அங்கே தடை கார்டுதான்; விளையாடுபவருக்கு அதுவே நல்ல நிலை, ஏனெனில் செலவழித்த பணம் முழுவதும் வேலை செய்கிறது. பஸ்ஸில் இருந்த தடை பிராசசருக்கும், அங்கிருந்து நினைவகத்துக்கும், பின்னர் ஒற்றைக் கோருக்கும் டிரைவருக்கும் மாறி மாறி வந்தது. சைரிக்ஸ் வாங்கியவரும், பழைய பென்டியத்தில் வூடூ 2 செருகியவரும், பழைய பிராசசரோடு பி580 வாங்கியவரும் ஒரே இடத்தில்தான் சறுக்கினார்கள். அளப்பதற்கு முன்பே வாங்கி விட்டார்கள். சும்மா இருக்கும் கார்டு குற்றவாளி என்று முடிவு கட்டுவதற்கு முன், அது யாருக்காகக் காத்திருக்கிறது என்று கேட்டாலே பாதிப் பணம் மிச்சமாகும்.